உதைக்காத துவக்கு

சுவிற்சர்லாந்தின் ஆயுத ஒழுங்குவிதிகளில் 12ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில நாடுகளின் பிரசைகள் இந்த மண்ணில் ஆயுதம் வாங்கவோ, வைத்திருக்கவோ, காவிச் செல்லவோ கூடாது. சுடுகலனால் சுடவும் கூடாது என்கிறது அது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, அல்பேனியா, துருக்கி, அல்ஜீரியா என்று போகும் அந்தப் பட்டியலில் இலங்கையின் பெயரும் இருக்கிறது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பெயர் எடுபடவில்லை. சி விசா கையில் இருந்தாலும், இருபது வருடம் ஒழுங்காக வரி கட்டியிருந்தாலும், கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால் இதுதான் சட்டம்.

1991 இல் நாங்கள் இங்கே வந்து இறங்கியபோது இப்படியொரு பிரிவைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. துவக்கு வாங்கும் ஆசையோடு சுவிசுக்கு வந்த தமிழர் யார்? ஊரில் நாங்கள் அறிந்தவை மூன்று வகைத் துவக்குகள். காட்டுப் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு, வேட்டைக்குப் போகிறவர்களின் இடியன், மற்றது மனிதரைச் சுடுவது. விளையாடுவதற்கென்று நாலாவதாக ஒரு வகை இருக்கிறது என்பதை இங்கே வந்துதான் அறிந்தோம். அதையும் பயத்தோடுதான் அறிந்தோம். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அடுக்கடுக்காக வெடிச்சத்தம் கேட்டது. கட்டிலுக்குக் கீழே புகுந்தவர்கள் எங்களோடு இருந்தார்கள். முகாமுக்குப் பொறுப்பானவர் வந்து, ஊர்ச் சூட்டுத்திடலில் 300 மீற்றர் பயிற்சி நடக்கிறது, ஒவ்வொரு சனியும் நடக்கும் என்று விளங்கப்படுத்தினார். ஒருவரும் நம்பவில்லை. சும்மா சுடுவார்களா?

சும்மாதான் சுடுகிறார்கள். ரயிலில் பக்கத்து இருக்கையில் தானியங்கித் துவக்கோடு தூங்கிக்கொண்டு போகும் படைவீரப் பையன்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். சூரிச்சில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கென்றே ஒரு சூட்டுப் பெருவிழா நடக்கிறது. பெயர் இன்றும் 'பையன்களின் சூட்டுவிழா' தான். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது நாங்கள் இங்கே வந்த அதே 1991 இல். இதெல்லாம் அவர்களுடைய விசர், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றுதான் கன காலம் இருந்தோம்.

2018 இல் எங்கள் கடைக்குட்டிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியோடு ஊர்ச் சூட்டுக் கழகத்தின் நிலவறைக்குப் போய்வந்தாள். அங்கே பத்து மீற்றர் தூரத்தில் காற்றுப் பிஸ்ரலால் சுடப் பழக்குகிறார்கள். திரும்பி வந்தவள், தான் இதைத்தான் பழகப்போகிறேன் என்றாள். பரதநாட்டியத்தை மூன்று வருடத்தில் விட்டவள், கீபோட்டை ஒரு வருடத்தில் விட்டவள். இதையும் விட்டுவிடுவாள் என்று நினைத்து மறுக்காமல் இருந்தோம். அவள் விடவில்லை.

செய்தி பரவியது. பாரிசில் இருக்கும் பெரியம்மா தொலைபேசி எடுத்தார். "துவக்குச் சத்தம் கேளாத இடத்தில பிள்ளையள் வளரட்டும் எண்டுதானே காணியை வித்துப்போட்டு அங்க போனனீங்கள்? இப்ப நீங்களே காசு குடுத்து வாங்கிக் குடுக்கப் போறியளோ? உங்களுக்கென்ன விசரே?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

எங்களுடைய தலைமுறைப் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே என்ன துவக்கு என்று சொல்லக்கூடியவர்கள். இது ஏ.கே., இது ஜி-3, இது இந்தியன் ஆமியின் எஸ்.எல்.ஆர். என்று வாய்ப்பாடு போலச் சொல்வோம். ஆனால் பிஸ்ரலின் சத்தம் வேறு. அது சண்டையின் சத்தம் அல்ல. யாரோ ஒருவரைத் தேடி வந்ததன் சத்தம். எங்களில் ஒருவருடைய அண்ணன் 1986 இல் வீட்டுப் படலையில் வைத்துச் சுடப்பட்டார். சைக்கிளில் வந்த இருவர். பெயரைத் தமிழில்தான் கேட்டார்கள். இரண்டு வெடி. யார் சுட்டது என்று ஊருக்குத் தெரியும். இன்றுவரை எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. இந்த வீட்டில் 'பிஸ்ரல்' என்ற சொல் முப்பது வருடமாக ஒரே ஒரு பொருளோடு இருந்தது. அதே சொல்லை மகள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, புள்ளிகள், கிராம்கள், மில்லிமீற்றர்கள் என்று சரளமாகக் கதைக்கத் தொடங்கினாள்.

அப்போது ஒரு முடிவு எடுத்தோம். தடுப்பதானாலும் விடுவதானாலும் அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்வது. எதையும் தெரியாமலே ஆதரித்தும் எதிர்த்தும் பழகிய சமூகம் நாங்கள். இதிலாவது படித்துப் பார்ப்போம் என்று இருவரும் வியாழக்கிழமைகளில் அவளோடு நிலவறைக்குப் போய்ப் பின்வாங்கில் இருக்கத் தொடங்கினோம்.

அங்கே பழக்குகிறவர் தபால் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிய ஒரு அம்மா. அவரிடம் நாங்கள் முதலில் அறிந்தது, இந்த விளையாட்டில் புதியவரைக் கெடுப்பது உதைப்பு என்பது. துவக்கு உதைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் உதைப்பினால் தோள் நோவது பெரிய விசயமல்ல என்றார். வெடி வெடிக்கப் போகிறது, கை உதறப் போகிறது என்று உடம்பு ஒருமுறை அறிந்துகொண்டால், அடுத்த முறை விசையை அமுக்கும்போதே, வெடிக்க முன்னமே, உடம்பு திடுக்கிட்டுவிடும். கண் சிமிட்டும், மணிக்கட்டு கீழே சாயும். சன்னம் இலக்குக்குக் கீழே போகும். இந்தத் திடுக்கம் ஒருமுறை ஊறிவிட்டால் அதை எடுப்பதற்கு வருடங்கள் செல்லும். ஆகவே புதியவரின் கையில் கொடுப்பது உதைக்காத துவக்காக இருக்கவேண்டும்.

உதைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் ஒரு கடதாசியில் கணக்காகவே போட்டுக் காட்டினார். இவர்கள் படைத்துறையில் பாவிக்கும் 9 மில்லிமீற்றர் பிஸ்ரலின் சன்னம் ஏறக்குறைய 8 கிராம். செக்கனுக்கு 350 மீற்றருக்கு மேல் பறக்கிறது. புதியவர்களுக்குக் கொடுக்கும் 'இருபத்திரண்டு' என்ற சிறு ரவையின் சன்னம் 2.6 கிராம்தான். விட்டம் 5.6 மில்லிமீற்றர். பிஸ்ரல் குழலில் செக்கனுக்கு 300 மீற்றர் அளவில் போகும். பாரத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், ஒன்று கையைத் தள்ளும் தள்ளு மற்றதைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம். இரண்டு பிஸ்ரலும் ஒரே பாரம் என்று வைத்துக்கொண்டால் கை வாங்கவேண்டிய உதைப்பின் சக்தி பத்து மடங்கையும் தாண்டும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

இந்த ரவை 1887 இல் அமெரிக்காவில் வந்தது. இன்னும் மாறவில்லை. மருந்தைப் பற்றவைக்கும் பொருள் அதன் அடியின் விளிம்புக்குள்ளே இருக்கிறது. மலிவு, சத்தம் குறைவு. ஆயினும் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். சிலவேளை ரவை வெடிக்காமல் விடும். அப்போது குழலை இலக்குப் பக்கமே வைத்தபடி அரை நிமிடம் காத்திருக்கவேண்டும். பிந்தி வெடிக்கவும் கூடும்.

சிறிய ரவை என்றால் சிறிய துவக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடைக் கண்ணாடிக்குள் உள்ளங்கையில் அடங்கக்கூடிய பிஸ்ரல்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைக்கு இது போதாதா என்று தோன்றும். உண்மை நேர்மாறு. துவக்கு பாரம் குறையக் குறைய அதே ரவை கூட உதைக்கும். அரைக் கிலோ பிஸ்ரல் ஒரு கிலோ பிஸ்ரலைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். குழல் கட்டையாக இருந்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் குறைவு. குறியில் ஒரு மயிரிழை பிசகினாலும் இலக்கில் சாண் அளவு பிசகும். பாரம் கூடினால் கை களைக்கும் என்பதும் உண்மை. பிள்ளை அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்கவேண்டும். 25 மீற்றர் போட்டிகளில் 1400 கிராமுக்கு மேல் அனுமதியில்லை. புதியவருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடக்குறைய இருப்பது நல்லது என்பது அந்த அம்மாவின் கணிப்பு.

அடுத்தது குழலின் உயரம். குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழல்வாய் மேலே துள்ளும். போட்டிப் பிஸ்ரல்களில் குழல் கையோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்திருப்பது இதற்காகத்தான். பிறகு பிடி. விரல் நீட்டி விசையில் வைக்கும்போது சுட்டுவிரலின் முதல் பூட்டுக்கு முன்னாலுள்ள சதை அதில் படவேண்டும். எட்டி எட்டித் தொடக்கூடாது. மரத்தாற் செய்த பிடிகள் கையின் அளவுக்கேற்பச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வருகின்றன. இடக்கைக்காரருக்கு வேறு. எங்கள் மகள் இடக்கைக்காரி. ஊரில் என்றால் அடித்துத் திருத்தியிருப்பார்கள். இங்கே அதற்கென்று பிடி செய்து வைத்திருக்கிறார்கள்.

இடக்கையைப் பற்றிக் கதைத்தபோதுதான் அந்த அம்மா ஹங்கேரிக்காரரான காரொய் தகாச்சின் கதையைச் சொன்னார். படைவீரர். 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கை போய்விட்டது. இரகசியமாக இடக்கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் விரைவுச் சூட்டுப் பிஸ்ரலில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். கைக்குண்டில் கை போனவர்களை நாங்களும் அறிவோம். அவர்களில் எவரும் பதக்கம் எடுத்ததாக அறியோம். அதையும் அன்றிரவு வீட்டில் கதைத்தோம்.

விசையின் இறுக்கம் இன்னொரு விசயம். 25 மீற்றர் பிஸ்ரலின் விசை குறைந்தது ஒரு கிலோ பாரத்தைத் தாங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் விசையில் நிறுவைக் கல்லைக் கொழுவிச் சோதிப்பார்கள். காற்றுப் பிஸ்ரலுக்கு அரைக் கிலோ. சுழல் துவக்கு வேண்டாமா என்று கேட்டோம். படங்களில் பார்த்த பழக்கம். நாய்த்தலையை முதலில் இழுத்து வைக்காமல் சுட்டால் அதன் விசை மிக இறுக்கம், புதியவரின் விரல் துவக்கையே இழுத்துவிடும் என்று மறுத்துவிட்டார். குறிகள் திருகித் திருத்தக் கூடியவையாக இருக்கவேண்டும் என்றும், ரவைகளை ஐந்து ஐந்தாகச் சுடும் போட்டிக்கு ஐந்து கொள்ளும் மகசினே போதும் என்றும் சொன்னார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இப்போது ஒன்றும் வாங்காதீர்கள்" என்றார். ஒரு வருடமாவது கழகத்தின் பிஸ்ரலால் சுடட்டும், கை வளரட்டும், ஆசை நிற்கிறதா என்று பார்ப்போம். விளையாட்டுத் துவக்கைக் கழகமே வயது குறைந்தவர்களுக்கு இரவல் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

திடுக்கத்தைக் கண்டுபிடிக்க அவர் செய்யும் ஒரு வேலை உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல் மகசினுக்குள் ஒரு போலி ரவையைக் கலந்துவிடுவார். அது வெடிக்காமல் 'டிக்' என்னும்போது, குழல் அசையாமல் நின்றால் சரி. கீழே குத்தினால் திடுக்கம் இருக்கிறது. மகளுடைய கை அசையவில்லை. எங்களையும் ஒருநாள் சுடச் சொன்னார். நாங்கள் 2015 இல் சுவிஸ் பிரசைகளானவர்கள், 12ஆவது பிரிவு எங்களுக்கு இல்லை. கண்ணாடி, காதுமூடி எல்லாம் போட்டு, நாலு ரவைக்கு ஒரு போலி. இரண்டு பேருடைய கையிலும் போலி ரவை வந்த ஒவ்வொரு முறையும் குழல் நிலத்தைப் பார்த்தது. "உங்கள் கைக்கு வெடி முன்னமே கேட்கிறது" என்றார் அந்த அம்மா. கேட்கத்தானே செய்யும். ஓகஸ்ட் முதலாம் திகதி இவர்களின் தேசிய தினத்தில் வாணவேடிக்கை தொடங்க முன்னமே யன்னல்களைப் பூட்டுகிறவர்கள் நாங்கள். இருபத்திரண்டு ரவையின் உதைப்புக்கும் எங்கள் கையின் திடுக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது வேறு கணக்கு. அந்தக் கணக்கு மகளின் கைக்கு வரவில்லை என்பதை அன்று கண்ணால் கண்டோம். அதற்காகத்தானே பெரியம்மா சொன்ன காணியை விற்றது?

எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இன்னொரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய பொடியனும் மகளோடு நிலவறைக்கு வரத் தொடங்கினான். காற்றுப் பிஸ்ரலில் அவளைவிடத் திறமாகச் சுட்டான். பத்து மீற்றரில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மில்லிமீற்றர், அதற்குள்ளே அடுத்தடுத்துப் போடுவான். ஒரு வருடத்தின் பின் இருவரையும் 25 மீற்றருக்கு, அதாவது ரவைப் பிஸ்ரலுக்கு ஏற்ற நினைத்தபோதுதான் கழகத்தார் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். அவனுடையது இலங்கைக் கடவுச்சீட்டு. இங்கேயே பிறந்தவன். தகப்பனுக்கு முதுகு நொந்து வேலை போய்ச் சமூக உதவியில் இருந்ததால் குடும்பமாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. விண்ணப்பிக்கும் முன் மூன்று வருடம் சமூக உதவி எடுத்திருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவன் இலங்கைப் பிரசை. இலங்கைப் பிரசை சுடுகலனால் சுடக்கூடாது. காற்றுப் பிஸ்ரல் மருந்து எரித்துச் சுடுவதல்ல; அதன் சக்தியும் சட்டம் குறிக்கும் 7.5 ஜூலுக்குக் கீழே. அதனால் அதை மட்டும் விட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். இதே பொடியனிடம் சிவப்புக் கடவுச்சீட்டு இருந்திருந்தால், பத்தொன்பது வயதில் அரசாங்கமே கூப்பிட்டுத் தானியங்கித் துவக்கைக் கையில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோ என்று அனுப்பியிருக்கும். ரவை மட்டும் 2007 இற்குப் பிறகு வீட்டுக்குக் கொடுப்பதில்லை. எங்கள் சமூகத்திலேயே அப்படித் துவக்கோடு ரயிலில் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே மாடிப்படி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தமிழ். ஒருவன் நாட்டைக் காக்கத் தகுந்தவன். மற்றவன் கடதாசியில் ஓட்டை போடவும் தகாதவன். அந்தப் பட்டியலைப் போட்டவர்களிடம் காரணம் இருந்திருக்கும். இங்கே சேர்த்த காசு எங்கே போனது, என்ன ஆனது என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கணக்கைப் பதினாறு வயதுப் பொடியனிடமா தீர்ப்பது?

இதற்கிடையில் 2019 மே 19 இல் ஆயுதச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளோடு பொருத்துவதா என்று வாக்கெடுப்பு வந்தது. சூட்டுச் சங்கங்கள்தான் எதிர்த்துக் கையெழுத்துச் சேர்த்தவை. நிலவறைச் சுவரிலும் 'வேண்டாம்' சுவரொட்டி தொங்கியது. நாங்கள் 'ஆம்' என்று வாக்களித்தோம். 63.7 வீதமானோர் அப்படித்தான் வாக்களித்தார்கள். அடுத்த வியாழன் அங்கே போனபோது அதைச் சொல்லவும் செய்தோம். தபால் அம்மா சிரித்துவிட்டு, கோப்பியை ஊற்றித் தந்தார். துவக்கு வைத்திருப்பவர்களோடு கருத்து முரண்பட்டுவிட்டு உயிரோடு வீடு திரும்பலாம் என்பது எங்களுக்குப் புது அனுபவம். மகள் அந்தக் கழகத்தில் இருக்கட்டும் என்று மனம் முழுதாக ஒப்பியது அன்றுதான்.

2021 இல் அவளுக்குப் பதினெட்டு ஆனது. மாநிலப் பொலிசிடம் ஆயுதம் வாங்கும் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தாள். 50 பிராங், ஆறு மாதம் செல்லும். குற்றப் பதிவு இருக்கிறதா, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவரா என்று பார்க்கிறார்கள். புதிய போட்டிப் பிஸ்ரல்கள் ஆயிரம் பிராங்கை இலேசாகத் தாண்டும். அவள் மூன்றைப் பிடித்துப் பார்த்தாள். இதே நாட்டின் லென்ஸ்பூர்க்கில் புகழெடுத்த ஹெமெர்லி 208, இத்தாலியின் பார்தினி, ஜேர்மனியின் வால்ற்றர் ஜி.எஸ்.பி. கண் மங்கிச் சுடுவதை விட்ட கழகத்து இடக்கைக்கார முதியவர் ஒருவர் தன்னுடைய பழைய ஜி.எஸ்.பி.யைப் பாதி விலைக்குக் கொடுத்தார். மகசின் விசைக்கு முன்னால் இருப்பதால் பாரம் முன்பக்கம் விழுகிறது. அதனாலேயே குழல் துள்ளாமல் படிந்து நிற்கிறது. பிடியை மட்டும் அவளுடைய கைக்கு ஏற்ப அரத்தால் தேய்த்தார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கக்கூடும். எங்களால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் கழகத்தைப் பாருங்கள், துவக்கைப் பாராதீர்கள். அங்கே யார் பழக்குகிறார், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது, விசையில் விரல் எப்போது போகிறது, கதைப்பவர்கள் எதைக் கதைக்கிறார்கள் என்று சில கிழமை இருந்து பாருங்கள். காற்றுப் பிஸ்ரலில் தொடங்குங்கள். பிறகு இருபத்திரண்டு. அதற்கு மேல் அவசரப்படத் தேவையே இல்லை. பெண்களின் 25 மீற்றர் ஒலிம்பிக் போட்டி இந்தச் சிறு ரவையில்தான் நடக்கிறது. 2016 ரியோவில் சுவிசுக்குக் கிடைத்த முதற் பதக்கத்தை ஹைடி டீத்தெல்ம் கேர்பர் அதில்தான் எடுத்தார், 47 வயதில். சுட்ட பின் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். ஈயம் கையில் இருக்கும். போகும்போதும் வரும்போதும் துவக்கு வேறு, ரவை வேறு. மகசின் வெறுமையாக இருக்கவேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டி, பூட்டு.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்கிறது. திறப்பு மகளிடம். நாங்கள் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். மூன்றாம் மாடிப் பொடியன் இப்போதும் வியாழக்கிழமைகளில் காற்றுப் பிஸ்ரலோடு வருகிறான். சின்னப் பிள்ளைகளுக்கு நிற்கும் முறை பழக்குகிறான். பெரியம்மா தொலைபேசியில் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அண்மையில் மகளே அதை எடுத்துப் பேசினாள். தான் சுடுவது கடதாசியை என்றாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரி பிள்ளை, அங்க படலை இல்லைத்தானே" என்றாராம். அதன் அர்த்தம் என்ன என்று மகள் எங்களிடம் வந்து கேட்டாள். அண்ணனைப் பற்றி அன்றுதான் அவளுக்கு முழுவதும் சொன்னோம்.